இரண்டு திருகை வைத்த வீடு

1

போன மாதம் என் அக்கா பொன்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கிழமை நிற்பதாகச் சொல்லி வந்தவள் நான்காம் நாளே திரும்பிப் போய்விட்டாள். ஊருக்குப் போய் அவள் என்ன சொன்னாள் என்பதை மூன்று பேருடைய கடிதங்களில் இருந்து அறிந்துகொண்டேன். அக்கா அவித்த புட்டைத் தம்பி பெண்சாதி கொட்டிவிட்டாள், அக்கா தொட்ட பாத்திரத்தைச் சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவினாள் என்பதுதான் ஊர் முழுவதும் இப்போது பேச்சாம்.

அக்கா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது, நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் நடந்தது என்பதை இந்தப் பத்திரிகை வாசிக்கிற ஊரவர்களுக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே பாதிதான் விளங்கிய விஷயம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். மதுரைக்கு மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு, அதில் சின்னமனூர் என்ற ஊர். அங்கிருந்து கல்லும் சேறுமான பாதையில் ஏறி வரவேண்டும். தோட்டத்துத் தொழிற்சாலையில் நான் டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் பெட்டியில் அடைபடுவது வரை என் பொறுப்பு. பதினான்கு வருடமாக இங்கே இருந்தும் எனக்கு இன்னும் 'சிலோன்காரர்' என்றுதான் பெயர்.

அக்கா வரும்போது ஒரு பெரிய தகரம் நிறைய அவித்த கோதம்ப மா, இங்கே சொல்கிற கோதுமை மாவு, கொண்டுவந்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று மெனக்கெட்டு அவித்து, அரித்து, கடல் கடந்து சுமந்து வந்த மா. முதல் மூன்று நாளும் என் அடுப்பில் என் சட்டியில் ரொட்டி சுட்டாள். நாலாம் நாள் காலை என் மனைவி பேச்சி தண்ணீருக்குப் போன நேரம், புட்டு அவிக்க நல்ல குழலாகத் தேடி, பேச்சியின் மூங்கில் குழலை எடுத்துவிட்டாள். மாவைக் குழைத்தது பேச்சியின் சட்டியில். பேச்சி திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள், புட்டைக் கொட்டினாள், குழலை எடுத்து அடுப்பில் செருகி எரித்தாள், சட்டியைக் கழுவத் தொடங்கினாள்.

"தம்பி, உன்ரை மனுசிக்கு என்ரை கை தீட்டோ?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"இல்லை அக்கா. அவவுக்கு அந்த மா ஒத்துவராது."

"நான் அவவைத் தின்னச் சொல்லேல்லையே. உனக்குத்தானே அவிச்சனான். நீ தின்னுறதுக்கு அவ ஏன் கொட்ட வேணும்?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும்.

2

நான் முதலில் நம் மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை பழகினேன். இந்த மலையில் காடு வெட்டித் தேயிலை வைத்த காலத்தில், தொழிற்சாலைக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று அங்கிருந்து என்னை அழைத்தார்கள். இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதாக ஊரில் சொல்லிவிட்டு வந்தேன்.

மலைக்குச் சாமான் ஏற்றிவரும் கோவேறு கழுதைகள் அனுமந்தன்பட்டி வீரணனுடையவை. அவருடன் பழகி, அவர் வீட்டுக்குப் போய்வந்து, கடைசியில் அவர் தங்கை பேச்சியைக் கேட்டேன். இரண்டு பக்கமும் சம்மதம் இல்லாமல் ஒரு வருடம் போயிற்று. பிறகு அவர்கள் பக்கம் இளகினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து யாரும் கலியாணத்துக்கு வரவில்லை.

இரண்டு பேரும் பேசியது தமிழ்தான். ஆனாலும் முதல் வருடம் பாதி நேரம் ஊமைச் சாடையில் கழிந்தது. நான் அவளை 'நீர்' என்று சொன்னால் தண்ணீர் கேட்கிறேன் என்று நினைப்பாள். இங்கே பன்ரொட்டி என்கிறார்களே, அந்தப் பாண் சின்னமனூரில் கிடைக்குமா என்று கேட்டேன். வீரணனிடம் சொல்லி அனுப்பி ஒரு மண்பானை வரவழைத்துவிட்டாள். நான் குரக்கன் என்பதை அவள் கேப்பை என்பாள். நான் திரிகை என்பதை அவள் திருகை என்பாள். இவற்றையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரு சொல் எங்களைப் பிரிக்கப் பார்க்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் மகள் வள்ளி பிறந்தாள். பேச்சி நல்ல திடகாத்திரம். மலையிலிருந்து தாய்வீட்டுக்கு நடந்தே இறங்குவாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறுவாள்.

3

பர்மா விழுந்த பிறகு அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது உங்களுக்கும் தெரியும். இங்கும் கூப்பன் வந்தது. தோட்டத்து டிப்போவில் அரிசியைக் குறைத்து, அந்த அளவுக்குக் கோதுமை மணியாகக் கொடுத்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு முன் கோதுமை என்பது பட்டணத்துக் கிளப்புக்கடைச் சாமான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனங்கள் அதை அரிசி மாதிரி உலையில் போட்டுப் பார்த்தார்கள். வேகவில்லை என்று கோழிக்குப் போட்டவர்களும் உண்டு.

எனக்கு மட்டும் கொண்டாட்டம். ஹட்டனில் வேலை பழகிய நாட்களில் ரொட்டியும் பாணுமே தின்று வளர்ந்த வயிறு. மணியைத் திருகையில் அரைத்து, மாவை அவித்து, அரித்து, புட்டும் ரொட்டியும் செய்ய நானே பேச்சிக்குக் கற்றுக்கொடுத்தேன். அவளுக்கு அதன் வாசனை பிடிக்கவில்லை. ஆனாலும் "ஒங்க ஊருச் சாப்பாடுல்ல, பழகிக்கிறேன்" என்று எனக்காகத் தின்றாள். அரிசி வள்ளிக்கும் எனக்கும் மிஞ்சட்டும் என்று தன் பங்கில் கோதுமையைக் கூட்டிக்கொண்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு மூன்று மாதத்தில் வயிறு உப்பத் தொடங்கியது. பிறகு வயிற்றோட்டம். நிற்கும், மறுபடி தொடங்கும். வாய் முழுக்கப் புண். வளையல்கள் முழங்கை வரை ஏறின. படியேறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். அந்த நடுவில் மூன்று மாதக் கரு ஒன்றும் கலைந்தது.

பயந்துபோய் வீரணனுக்குக் கடிதம் எழுதினேன். "பேச்சிக்கு நாலு மாதமாகக் கடும் வருத்தம். என்னால் மாற்ற முடியவில்லை. நீங்கள் ஒருக்கால் வந்து பார்த்தால் நல்லது." நம் ஊரில் வருத்தம் என்றால் நோய், இந்தக் கடிதத்தைப் படிப்பவர் மருந்துப் பெட்டியோடு ஓடிவருவார். இங்கே வருத்தம் என்றால் மனத்துயரம். புருஷனே தன் கையால், உன் தங்கை நாலு மாதமாக அழுகிறாள், என்னால் தேற்ற முடியவில்லை என்று எழுதியதாக அவர் படித்தார்.

வேட்டியை மடித்துக் கட்டியபடியே மலையேறி வந்தார். வீட்டுக்குள் வராமல் தொழிற்சாலைக்கே வந்து நின்றார்.

"மாப்ள, எந்தங்கச்சிக்கு என்ன வருத்தம்? யாரு என்ன சொன்னாக?"

"வயித்திலை மச்சான்."

"வகுத்துல வருத்தமா? மனசுல இல்லையா?"

"மனசிலை ஒண்டும் இல்லை. சாப்பிட ஏலாமல் கிடக்கிறா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எதையோ மறைத்துப் பேச்சை மாற்றுகிறேன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பிறகு வீட்டுக்குப் போய்ப் பேச்சியைப் பார்த்தார். அடையாளமே தெரியாதபடி இருந்தாள். அன்றைக்கே தங்கையையும் வள்ளியையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

4

அனுமந்தன்பட்டியில் ஒன்றரை மாதத்தில் பேச்சி தேறிவிட்டாள். அது விவசாய வீடு. அவர்கள் வயல் நெல், அவர்கள் காட்டுச் சோளம், கம்பு. கூப்பன் கோதுமை அந்த வீட்டு வாசல் ஏறியதில்லை. அது இப்போது தெரிகிறது. அப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது ஒன்றுதான், தாய்வீட்டில் தேறுகிறாள், புருஷன் வீட்டில் தேய்கிறாள்.

திரும்பி வந்தாள். ஒரு மாதத்தில் மறுபடி விழுந்தாள். மறுபடி வீரணன் வந்து கூட்டிப்போனார். மறுபடி தேறினாள்.

இடையில் தேனியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார். இரத்தம் போதவில்லை, குடல் பலவீனம், கொஞ்ச நாளைக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லி, பார்லித் தண்ணீரும் ரஸ்கும் கொடுக்கச் சொன்னார். நான் சொன்னபடி தவறாமல் கொடுத்தேன். வேளை தவறாமல் என் கையாலேயே கொடுத்தேன். அவள் இன்னும் மோசமானாள்.

மூன்றாம் தரம் அவளைக் கூட்டிவர அனுமந்தன்பட்டி போனபோது வீரணன் என்னிடம் நேராகப் பேசவில்லை. சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன். பேச்சி தோட்டத்துக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் பழையபடி நிரம்பியிருந்தது. நான் போய் நின்றதும் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கப்படாது."

"கேளும்."

"எனக்கு நீங்க எதுவும் மருந்து வச்சீகளா?"

"டாக்குத்தர் சொன்னதைத்தானே தந்தனான்."

"அந்த மருந்து இல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆளை மயக்கிக் கைக்குள் வைக்கச் சோற்றில் கலந்து கொடுக்கிறார்களே, அந்த மருந்து. சிலோனில் அது அதிகம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே, வேளை தவறாமல் என் கையால் கொடுத்த பார்லித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. என் கையில் ஏதோ இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "வாரேன். ஆனா இந்தத் தடவ நானே பொங்கி நானே திங்கிறேன். நீங்க அடுப்புப் பக்கம் வரப்படாது."

அப்படியே நடந்தது. அவளே அரைத்தாள், அவளே சமைத்தாள், அவளே பரிமாறிக்கொண்டாள். மூன்று கிழமையில் மறுபடி பாயில் விழுந்தாள்.

"அப்ப நீங்க இல்ல" என்றாள், படுத்தபடியே. "அப்ப எது?" என்று கேட்டாள்.

5

அந்த வருட மழையில் பாதை இரண்டு இடத்தில் சரிந்தது. இருபது நாளுக்கு மேல் மலைக்கு எதுவும் ஏறவில்லை. டிப்போவில் இருந்த கோதுமை நனைந்து புழுத்துப்போனதால் தோட்டத்துத் துரை அதைக் கொட்டச் சொல்லிவிட்டார். லயத்துக்கும் எங்களுக்கும் கிடைத்தது கேப்பையும் கொஞ்சம் சோளமும்தான். அதையும் குறைத்துக் குறைத்துத் தின்றோம். வழி திறப்பதற்குள் பேச்சியை இழந்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன்.

அவளோ எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நடந்தாள். பாதி வயிற்றுக் கேப்பைக் களியில், நனைந்த வீட்டில், என் பக்கத்தில் இருந்தே தேறினாள். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வள்ளிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"நீங்க இல்ல. இந்த மலையும் இல்ல" என்றாள். "அந்தக் கோதும மாவு. இப்ப நம்மகிட்ட இல்லாதது அது ஒண்ணுதான்."

"கோதுமை தின்னு ஆருக்கும் இப்படி வருமோ? வடக்கு இந்தியாவிலை எல்லாரும் அதைத்தானே தின்னினம்."

"எனக்கு என்ன தெரியும். என் வகுறு சொல்லுது." டாக்டர் கொடுக்கச் சொன்ன ரஸ்கும் கோதுமை மாவுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாதை திறந்து கோதுமை வந்தது. அவள் அதைத் தொடவில்லை. நான் மட்டும் தின்றேன். இனிப் பிரச்சினை இல்லை என்று இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம். பதினைந்து நாளில் மறுபடி வாய்ப்புண், மறுபடி வயிறு.

எங்கள் கலக்கத்தை இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கண்டுபிடித்த ஒரே காரணமும் பொய்த்துவிட்டது. கோதுமை தின்கிறவன் நான், நோவது அவளுக்கு. அப்படியானால் நான்தானா? அவள் கேட்கவில்லை. ஆனால் பாயை வள்ளி பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

விடை தொழிற்சாலையில் இருந்தது. தேயிலையைச் சல்லடையில் தரம் பிரிக்கும்போது, டஸ்ட் என்ற நுண்தூள் சலித்த சல்லடையிலேயே அடுத்த தரத்தைப் போட்டால் அதில் டஸ்ட் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது. கோப்பையில் தெரியும். சல்லடையைத் தட்டித் துடைக்காமல் மாற்றாதே என்று வேலையாட்களைத் தினமும் ஏசுகிறவன் நான். ஒரு நாள் அப்படி ஏசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் வாய் நின்றுவிட்டது. எதிரே நின்ற பெண் பயந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து திருகையின் மேல்கல்லைத் தூக்கினேன். கொத்திய வரிகளுக்குள் விரலால் வழித்துப் பேச்சியிடம் காட்டினேன்.

"இது என்ன?"

"மாவு."

"எந்த மா?"

விரலைப் பார்த்தாள். காலையில் அவளுக்குக் கேப்பை அரைத்த கல். முதல் நாள் எனக்குக் கோதுமை அரைத்த கல். பழுப்பு மாவுக்குள் வெள்ளையாகக் கோடு ஓடியிருந்தது.

6

வீரணன் இரண்டாவது திருகையைக் கழுதையில் ஏற்றி வந்தார். இறக்கி வைத்துவிட்டுப் பழைய திருகையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு திருகையா மாப்ள. இனி ஆளுக்கொரு அடுப்பும் போட்டுக்கிருவீகளோ. குடும்பம் ரெண்டாப் போச்சுன்னுல்ல ஊரு பேசும்."

அடுப்பும் இரண்டாகத்தான் போட்டோம். கிழக்குச் சுவர்ப் பக்கம் அவளுடையது, மேற்குப் பக்கம் என்னுடையது. அவளுடைய சல்லடையின் விளிம்பில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். அவள் சமையல் முழுதும் முடிந்து மூடிவைத்த பிறகுதான் என் மாப்பானை திறக்கும். மாப் பிசைந்த கையோடு உப்புச் சாடியைத் தொட்டுவிட்டு, சாடி உப்பையே மாட்டுக்குப் போட்ட நாளும் உண்டு. ஒரு தரம் அவள் குழம்பு அடிப்பிடிக்கிறதே என்று என் அகப்பையால் கிண்டிவிட்டேன். நல்லது செய்வதாக நினைத்து. நான்கு நாள் படுத்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நான் சாப்பிட்டு எழுந்த இலையில் அவள் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அது நின்றுபோனது. அந்த வழக்கத்தை நான் பெரிதாக மதித்தவனும் அல்ல. ஆனால் நின்ற பிறகு, சாப்பிட்ட கையோடு என் இலையை நானே எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது, வாடகைக்குத் தங்கியிருப்பவன் மாதிரி இருக்கும். பார்த்த பெண்கள் புருஷன் இலையை ஒதுக்குகிறவள் என்று பேச்சியைச் சொன்னார்கள். கோதுமையை நீயும் விட்டுவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கூப்பனில் வருவதே பாதிக்குப் பாதி அதுதான். அவளுக்கு அரிசியையும் கேப்பையையும் விட்டுக்கொடுத்தால் எனக்கு மிச்சம் கோதுமைதான். அவள் அதைத் தின்ன முடியாது என்பதாலேயே நான் அதைத் தின்ன வேண்டியிருந்தது. தவிர, உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்தும் இருந்தது.

அவள் பங்குக் கோதுமைக்குப் பதில் கேப்பை கேட்டு உத்தமபாளையத்தில் சப்ளை ஆபீசுக்கு மனுப் போட்டேன். நோய் என்றால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். தேனி டாக்டரிடம் போனேன். உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "கோதுமையால் வரும் நோய் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இல்லாத நோய்க்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது" என்றார். அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது சரிதான், அந்த நோய்க்குப் பெயர் இல்லை.

வெறும் மனுவோடு மறுபடி உத்தமபாளையம் போனோம். அந்த முறை பேச்சியும் கூட வந்தாள். கிளார்க் வயதானவர். மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"மனைவிக்கு வருத்தம்னு எழுதிருக்கீக. எதுக்கு வருத்தம்? கோதும குடுத்தாகன்னா?"

அந்தச் சொல்லை மறுபடியும் எழுதியிருக்கிறேன். பேச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சொகமில்லன்னு அர்த்தமுங்க" என்றாள். "இவுக பேச்சு அப்பிடி. அது வகுத்துல விழுந்தா எனக்கு ஆகமாட்டேங்குது."

"அதுக்கு இந்தப் பாரத்துல கலம் இல்லையே ஆத்தா. நோயின்னா சர்டிபிகேட் வேணும்." அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பேனாவால் காதோரம் சொறிந்தார். "வேண்டுதல்னா எழுதலாம். விரதம், நேத்திக்கடன், அப்பிடி எதுவும் உண்டுமா? அதுக்கு மேல போயி எந்த அதிகாரியும் கேக்கமாட்டாக."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பேச்சி முந்திக்கொண்டாள்.

"உண்டும். எழுதுங்க."

அடுத்த மாதமே கேப்பை வந்தது. நோய் என்று ஒரு வருடம் சொல்லியும் நம்பாத லயத்துப் பெண்கள், நேர்த்திக்கடன் என்றதும் அன்றைக்கே நம்பினார்கள். எந்த அம்மனுக்கு, எதற்காக, எத்தனை வருடத்துக்கு என்று கேட்டார்கள். கர்ப்பம் தங்காத ஒருத்தி தானும் அதே நேர்ச்சை நேர்ந்துகொண்டாள். வீரணனுக்கு முகம் தெளிந்தது. சாமி காரியம் என்றால் இரண்டு அடுப்பு இருப்பதில் குறையில்லையாம். புருஷன் இலையைத் தொடாததும் பக்தியாகிவிட்டது.

பொய் சொல்லிக் கேப்பை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை என்று பேச்சியிடம் சொன்னேன்.

"பொய்யின்னு யாரு சொன்னா? தாளுல எழுதியாச்சு, பொய்யாப் போகக்கூடாதுல்ல. ஊருக்குப் போனப்ப அம்மன் கோயிலுக்குப் போயி நெசமாவே நேந்துக்கிட்டேன்."

அப்படியானால் இப்போது அவள் கோதுமை தின்னாதது நோயினாலா, நேர்ச்சையினாலா? கேட்டேன். ரெண்டும்தான் என்றாள்.

7

இந்தத் தோட்டத்துக் காலை இப்போதும் ஒரே மாதிரிதான். ஐந்து மணிக்கு நான் வாட்டிய கொழுந்தை முகர்ந்து பார்க்கப் போகிறேன். ஏழரைக்கு வீட்டுக்கு வந்தால் கிழக்குப் பக்கம் களி, மேற்குப் பக்கம் ரொட்டி. யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் கூப்பன் போகவில்லை. பேச்சி பழையபடி மலை ஏறி இறங்குகிறாள். ஆனால் பிறகு பிள்ளை தங்கவில்லை.

வள்ளிக்கு எட்டு வயது. என் தமிழ் அவளுக்குச் சிரிப்பு. "அப்பா கதைக்கிறாக" என்று சிநேகிதிகளைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டுவாள். அக்காவோடு அவளுக்கு ஒட்டவே இல்லை. அத்தை சொன்னதில் பாதி விளங்கவில்லை. ஆனால் அத்தை சுட்ட ரொட்டி மட்டும் மிகவும் பிடித்தது. மூன்று நாளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றாள். அவள் எங்கள் வீட்டில் எல்லை இல்லாத ஆள். காலையில் என்னோடு ரொட்டி, மத்தியானம் தாயோடு சோறு. வாசலில் கை கழுவிவிட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவாள்.

அக்கா போய் ஒரு கிழமை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா விட்டுப்போன மாவில் ரொட்டி சுட்டு, வள்ளியைக் கூப்பிட்டேன். தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள் என்னைக் கடந்து போய், கிழக்குச் சுவரோரம் தாய் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள்.

"ஏன் பிள்ளை, இஞ்சை வாவன். உனக்குத்தான் சுட்டனான்."

"வேண்டாம்ப்பா. நானும் நேந்துக்கிட்டேன்."

பேச்சி அகப்பையைக் கீழே வைத்தாள். "எதுக்குடி நேந்த?"

வள்ளி தட்டின் விளிம்பைத் தடவினாள். பிறகு தாயிடம் மட்டும் சொல்கிற குரலில், "வகுறு வலிக்குது" என்றாள்.

"எப்பத்துல இருந்து?"

"அத்தை வந்ததுல இருந்து."

"நெசமா வலிக்குதா? இல்ல, ஆத்தா இங்கன ஒத்தையில திங்கிறான்னு சொல்றியா?"

வள்ளி தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேச்சி அவள் சட்டையை உயர்த்தி வயிற்றில் கையை வைத்து அமுக்கினாள். இங்கே வலிக்கிறதா, இங்கே வலிக்கிறதா என்று கேட்டாள். எல்லா இடத்துக்கும் வள்ளி தலையை ஆட்டினாள். ரொட்டி அளவுக்கு மீறித் தின்றதாக இருக்கலாம். அத்தை கோபித்துக்கொண்டு போனதில் வந்த பயமாக இருக்கலாம். தாய்க்குத் துணையாகச் சொல்லும் பொய்யாக இருக்கலாம். அல்லது அதுவேயாக இருக்கலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு அது வருமா, வராதா என்று கேட்க எனக்கு ஆளில்லை. பெயரில்லாத ஒன்றைப் பற்றி யாரிடம் கேட்பது?

பேச்சி கையை எடுக்காமலே என்னைப் பார்த்தாள். தன் வயிற்றைப் பற்றி ஊரும் டாக்டரும் நானும் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு உறுதியாக நின்றவள்.

"எனக்குத் தெரியலையே" என்றாள்.

தன் பானையிலிருந்து களி எடுத்து வள்ளியின் தட்டில் வைத்தாள். நான் சுட்ட ரொட்டிகளைக் கோழிக்குப் பிய்த்துப் போட்டுவிட்டு, முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து, எனக்கும் கொஞ்சம் போடும் என்றேன். மூன்று பேரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து தின்றோம்.

அன்றிலிருந்து பதினேழு நாளாகிறது. வள்ளி கோதுமையைத் தொடவில்லை. வலி இருக்கிறதா என்று தினமும் நானும் கேட்கிறேன், பேச்சியும் கேட்கிறாள். தாயிடம் இல்லை என்கிறாள். என்னிடம் கொஞ்சம் என்கிறாள்.